சனிக்கிழமைக் காலையும் ஓவியக் கதைகளும்

முற்றும் மறந்துபோன ஒன்றைப் பற்றி எழுதுதல் எளிது. நூல்களைத் துருவி எழுதிவிடலாம். நன்கு நினைவிலுள்ள ஒன்றைப் பற்றி எழுதுதலும் எளிது. பாதி மறந்தும் பாதி மறவாதும் கிடக்கும் ஒன்றை எழுதப் புகுந்தார்க்கே இடர்ப்பாடு மிகுதி. யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அத்தகையது. சிறு பருவத்தே தொலைக்காட்சியில் யாம் கண்ட ஓவியக் கதைகளே அப்பொருள். மக்கள் இவற்றைக் கார்ட்டூன் என்றே வழங்குவர். யாமும் பெரும்பான்மையும் அவ்வழக்கினையே மேற்கொள்வோம். சங்க நூல் பயிலும் ஆனர்ஸ் வகுப்பு மாணவர்க்கு இஃது ஏற்ற பொருளோ என்று எம்மை வினவினோரும் உளர். அவர்கள் சற்றுப் பொறுத்துப் படிப்பார்களாக.

'சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்' என்னும் தொடர் அமெரிக்க நாட்டிற் பிறந்தது. அந்நாட்டுப் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் மூன்றற்கும் சனிக்கிழமைக் காலை என்பது விலை போகாத வேளையாயிருந்தது. பெரியோர் அவ்வேளையிற் பெட்டியின் முன் அமர்வதில்லை. ஆதலின் விளம்பரக்காரர் அதனை நாடுவதில்லை. பெரியோர் வேண்டாத வேளையைச் சிறுவர்க்குக் கொடுத்தனர். கொடுத்தபின்னரே அதன் விலை தெரிந்தது. தின்பண்டம் விற்போரும் விளையாட்டுப் பொருள் விற்போரும் திரண்டு வந்தனர். 1960-களின் இடைப்பகுதி கடப்பதற்குள் மூன்று நிறுவனங்களும் அக்காலைப் பொழுதைக் கார்ட்டூன்களுக்கே விட்டுவிட்டன. ஜெட்சன்ஸ் என்னும் தொடர் 1962-இல் மாலை வேளைக்கென எடுக்கப்பட்டது. அன்று எடுத்த கதைகள் 24 மட்டுமே. அந்த 24-ஐயும் சனிக்கிழமைக் காலைகளிற் பல்லாண்டு திரும்பத் திரும்பக் காட்டினர், சிறுவர் சலித்தாரில்லை. ஸ்கூபி டூ என்னும் அஞ்சா நெஞ்சமில்லாத நாய் 1969 செப்டம்பர் 13, சனிக்கிழமையன்று தோன்றிற்று.

இதனை எதிர்த்தாரும் உண்டு. 1968-இல் பெக்கி சாரன் என்னும் அம்மையார், சிறுவரை விளம்பரத்திற்கு இரையாக்குதல் தகாது என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 1990-இல் அந்நாட்டிற் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம் நிறைவேறிற்று. நாள் முழுவதும் கார்ட்டூனே காட்டும் தனி அலைவரிசைகளும் எழுந்தன. எந்நேரமும் கிடைப்பதற்கு ஒரு காலைப்பொழுதை யார் காத்திருப்பர்? 2014 செப்டம்பர் 27-ஆம் நாளோடு அந்நாட்டுப் பொது ஒளிபரப்பில் அவ்வழக்கம் முடிவுற்றது.

இக்கதைகளைச் செய்த முறையிலும் அறியத்தக்கது ஒன்றுண்டு. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுதல் வேண்டும். வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா என்னும் இருவரும் 1940 முதல் டாம், ஜெர்ரி என்னும் பூனை எலிக் கதைகளைத் திரையரங்கிற்கென வரைந்தபோது, உடல் முழுவதும் அசையுமாறு படத்திற்குப் படம் வரைவித்தனர். ஏழு ஆஸ்கார் விருதுகளும் பெற்றனர். 1957-இல் அவர்தம் பட்டறை மூடப்பட்டது. தொலைக்காட்சி தரும் பணம் மிகச் சிறிது. என் செய்வது? உடலை ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு, வாயையும் கண்ணையும் கையையும் மட்டும் மாற்றி மாற்றி வரைந்தனர். ஓடுவோன் பின்னே அதே மரமும் அதே வீடும் திரும்பத் திரும்ப வந்தன. யோகி என்னும் கரடிக்கு உடையென்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆயினும் கழுத்திற் பட்டியும் டையும் உண்டு. அஃது அழகிற்காக அன்று. அசையாத உடலொடு அசையும் தலை சேரும் இடத்தின் கோட்டை மறைத்தற்கே. எம் ஊரிற் பனியன் தைப்போர்க்கு இதனை விளக்கல் வேண்டா. உடல் துணியும் கழுத்தும் கூடும் இடத்தே ரிப் வைத்துத் தைத்து ஓரத்தை மறைத்தல் அவர்கள் நாள்தோறும் செய்யும் தொழில். துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்து, பார்ப்போர்க்கு ஒரே துணியெனத் தோற்றுவித்தலில் இரு தொழிலும் ஒன்றே.

இனி நம் நாட்டிற்கு வருவோம். எம் ஆசிரியர்தம் இளமையிற் கார்ட்டூன் என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. தூர்தர்ஷன் 1993-இல் ஜங்கிள் புக் என்னும் தொடரைக் காட்டிற்று. ஜப்பானியர் 52 பகுதிகளாக வரைந்த அத்தொடர், நம் நாட்டில் இந்தி மொழியிற் பேசிற்று. ஓநாய்களிடை வளர்ந்த மோக்லி என்னும் சிறுவன் பேசியது ஒன்றும் தமக்கு விளங்கவில்லை என்றும், ஆயினும் ஒரு கிழமையும் தவறாது கண்டதாகவும் ஆசிரியர் ஒருவர் எம்மிடம் கூறினார். அவர்க்கு வேறொரு தடையும் இருந்தது. ஞாயிறு காலையில் ஓய்வுநாட் பள்ளியும் ஆராதனையும் இருந்தமையால், கதை பாதியில் நிற்க எழுந்து போதல் வேண்டும். இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர் பலர் இவ்விடத்தே நகைப்பர் என்று எண்ணுகின்றோம்.

எமக்கு வாய்த்தது ஞாயிறன்று, சனியே. அதன் காரணத்தை அறிய எம் ஊரை அறிதல் வேண்டும்.

வீரபாண்டி என்னும் பெயருடைய ஊர்கள் தமிழ்நாட்டிற் சில உள. எம் அன்னையார் பிறந்தது தேனிப் பக்கத்து வீரபாண்டிக்கு அருகே. யாம் வளர்ந்ததோ திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையை ஒட்டிய வீரபாண்டியில். இது முன்னர்த் தனி ஊராட்சியாயிருந்து 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஒரு வீரபாண்டியை விட்டு மற்றொரு வீரபாண்டிக்கு வந்தோம் என்று அன்னையார் சொல்லிச் சிரிப்பதுண்டு. எட்டு வாயில்கள் கொண்ட லைன் வீட்டில் ஒரு வாயில் எம்முடையது. எட்டு வீட்டிலும் பனியன் கம்பெனிக்குப் போவாரே இருந்தனர். ஓவர்லாக் டைலர், பேட்லாக் டைலர், செக்கிங், கைமடி, பிசிறு வெட்டுவோர் என அவர்தம் வேலைகள் வேறு, நேரம் ஒன்று. திருப்பூரிற் கிழமைக்கூலி சனிக்கிழமையன்று தருதல் வழக்கம். ஆதலின் வேறு எந்நாள் வேலைக்குப் போகாதவரும் சனிக்கிழமை தவறாது போவர். பள்ளிக்கோ பெரும்பாலும் அன்று விடுமுறை. ஆகவே சனிக்கிழமைக் காலை எட்டு மணிக்குமேல் எட்டு வீட்டிலும் பெரியோர் என்று சொல்லத்தக்கார் ஒருவரே இருப்பர். அவர் வீட்டுக்கார அம்மாவின் தாயார், கண் மங்கியவர். சிறுவர் பதினொருவர். எம்மை மேய்க்கும் வேலை தொலைக்காட்சிப் பெட்டிக்கு வந்தது.

அமெரிக்கச் சிறுவர்க்குச் சனிக்கிழமைக் காலை கிடைத்தது பெரியோர் துயின்றமையால்; எமக்குக் கிடைத்தது பெரியோர் வேலைக்குப் போனமையால்.

பெட்டி, அரசு விலையின்றித் தந்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. அத்திட்டம் 2006 செப்டம்பரில் தொடங்கிற்று. ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் பெற்றன. 2007 ஏப்ரலிற் சன் குழுமத்தார் சுட்டி டிவி என்னும் அலைவரிசையைச் சிறுவர்க்கெனத் தொடங்கினர். பெட்டி வந்ததும் சுட்டி வந்ததும் யாம் தவழ்ந்து எழுந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தன. டோராவின் பயணங்கள், ஜாக்கி சான் ஆகியவை அதிற் பெரும்புகழ் பெற்றவை. ஜாக்கி சான் தொடர் அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு செப்டம்பரிற் சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூனாகவே பிறந்தது. 95 பகுதிகள் கொண்டது. அங்கே சனிக்கிழமைக் காலை தன் இறுதி ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருந்த காலத்தே, அதன் பிள்ளையொன்று தமிழ் பேசிக்கொண்டு வீரபாண்டியில் எம் லைன் வீட்டிற்கு வந்தது எனலாம்.

தமிழ் பேசிக்கொண்டு என்றோம். கட்டுரையின் உயிர்நிலை அதுவே. பிறமொழி பேசும் வாய்க்குத் தமிழ் பொருத்துதல் எளிய செயலன்று. பகரமும் மகரமும் இதழ் இரண்டும் கூடப் பிறப்பன என்பது தொல்காப்பியப் பிறப்பியல் படித்தார் அறிந்தது. மனிதர் நடிக்கும் படத்தில், இதழ் திறந்திருக்கும்போது 'அம்மா' என்னும் ஒலி கேட்குமாயின் பொய் வெளிப்பட்டுவிடும். ஓவியக் கதையில் அத்துணை இடர் இல்லை. முன் சொன்னபடி, சிக்கனம் கருதி வாய்க்குச் சில வடிவங்களே வரையப்பட்டன. வாய் திறக்கும், மூடும், அவ்வளவே. அமெரிக்கரின் சிக்கனம் தமிழ்க்கு இடம் தந்தது! எஞ்சியது அளவு ஒன்றே. வாய் அசையும் நேரத்துள் சொல்லி முடித்தல் வேண்டும். வினை இறுதியில் வரும் மொழி நம்முடையது. இறுதிச் சொல் துண்டிக்கப்படின் பொருளே துண்டிக்கப்படும். இவ்வளவிற்கும் ஈடுகொடுத்து, சிறுவர் வாயில் தங்குமாறு சொல் அமைத்தவர் யாராயினும் அவர் மொழியாற்றல் உடையவர்.

பெயர் வைத்த திறத்தைக் காண்க. டோராவின் தோழனாகிய குரங்கிற்கு ஆங்கிலத்திலுள்ள பெயர் அதன் காலணியைக் குறிப்பது. தமிழில் அதற்குப் புஜ்ஜி என்று பெயரிட்டனர். பொருள் தேடுவார்க்கு அதில் ஒன்றும் இல்லை. கொஞ்சுவார்க்கு எல்லாம் உண்டு. பொருள்களைப் பறித்துச் செல்லும் நரிக்கு ஆங்கிலத்திற் பறிப்பவன் என்னும் பொருள்படப் பெயர். தமிழில் அதனைக் குள்ளநரி என்றனர். வரைந்தவர் கருதிய விலங்கும் நாம் குள்ளநரி என்னும் விலங்கும் வெவ்வேறு என்று விலங்கு நூலார் குறை கூறுவர். கூறட்டும். குள்ளநரி என்ற அளவிலே அதன் தந்திரத்தைத் தமிழ்ச் சிறுவன் உணர்ந்துகொள்கின்றான். பாட்டி கதையில் அதனை முன்பே கண்டவன் அவன். இது சொற்பெயர்ப்பு அன்று, குடியேற்றம்.

குடியேற்றம் என்ற சொல்லை யாம் வேண்டுமென்றே ஆண்டோம். எம் லைன் வீட்டு எட்டு வாயில்களிலும் எட்டுத் தமிழ் வழங்கிற்று என்றால் மிகையாயினும் பொய்யன்று. எம் வீட்டில் 'அங்கிட்டு' என்போம். வீட்டுக்கார அம்மா 'அக்கட்ட' என்பார். யாம் 'வெள்ளென வா' என்றால், அவர் 'நேரமே வா' என்பார். மாலைப் பொழுதை அவர் 'பொழுதோட' என்று சொல்லக் கேட்டு, எப்பொழுது என்று அறியாது விழித்ததுண்டு. கடைசி வாயிலில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். அவர்தம் மகனுக்குத் தமிழே இல்லை. பதினொரு சிறுவரும் ஒரு விளையாட்டு விளையாடுதற்குள் சொல்லிற் சண்டை வந்துவிடும். ஒருவன் பேச்சை ஒருவன் பழிப்பான். எம்மைத் 'தேனிக்காரி மகன்' என்று ஒரு சிறுமி நையாண்டி செய்தாள். அவள் இழுத்து இழுத்து 'ஏனுங்' என்பதை யாமும் விட்டோமில்லை.

கார்ட்டூனில் வந்த தமிழ் இவற்றுள் எதுவும் அன்று. அது 'அந்தப் பக்கம்' என்றது, 'சீக்கிரம்' என்றது. எவ்வூரினதும் அல்லாத அத்தமிழை யாம் அனைவரும் எடுத்துக்கொண்டோம். விளையாட்டில் அதனையே பேசினோம். ஒருவரும் ஒருவரைப் பழிக்க அதில் வழியில்லை. ஒடிசாச் சிறுவன் பேசிய முதல் தமிழ்த் தொடர்கள், நரியைப் பார்த்துத் திருடலாகாது என்று எம்மோடு சேர்ந்து கூவியவையே. அவன் பின்னர்ப் பள்ளியில் எம்மினும் நன்றாகத் தமிழ் எழுதினான். அத்தமிழிற் சாரம் இல்லை, மணம் இல்லை என்று மொழிநூலார் கூறுவது உண்மையே. வட்டார வழக்கின் சுவை அதற்கு இல்லை. ஆயினும் பல ஊரினின்றும் பிழைக்க வந்தவர்தம் பிள்ளைகட்கு, நடுவே நின்று பேசுதற்கு ஓரிடம் வேண்டியிருந்தது. பாடநூல் தருதற்கு முன்னரே அவ்விடத்தை அப்பெட்டி தந்தது.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். டோரா கேள்வி கேட்பாள், கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். சிறுவர் விடை கூறுதற்கெனச் சில நொடி வாளா விடுதல் அத்தொடரை அமைத்தோர் கையாண்ட முறை. பயிற்றுமுறை என்னும் அளவில் ஆசிரியர் இதனைப் பாராட்டுவர். எமக்கு அது வேறாகத் தோன்றிற்று. கதவுக்கு வெளியே பூட்டு இல்லை. உள்ளே அன்னையாரும் இல்லை. அந்த நேரத்தே, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருந்தவள் ஒருத்தி உண்டெனின் அவள் டோராவே.

2011 ஜனவரி 28-இல், நொய்யலாற்று மாசு பற்றிய வழக்கிற் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. ஆற்றைப் பார்த்தவர் எவரும் அவ்வாணையைக் குறை கூறார். ஆனால் எம் தந்தையார் சாயப்பட்டறையில் வேலை செய்தவர். அவர் வேலை தேடிப் பல ஊர் சென்றார். அன்னையார் ஒன்றரை ஷிப்டு பார்க்கத் தொடங்கினார். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குமேல் வருவார். அடுத்த ஆண்டு மின்வெட்டு முற்றிற்று. 2012-இற் சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்சாரம் இல்லை. கம்பெனிகளில் ஜெனரேட்டர் ஓடிற்று. லைன் வீட்டிற்கு ஏது ஜெனரேட்டர்? கதை உச்சத்தை எட்டும்போது திரை ஒரு புள்ளியாய்ச் சுருங்கி அணையும். யாம் பாதி மறந்தோம் என்று சொல்வனவற்றுள் பல, உண்மையிற் பாதியே கண்டவை.

சென்ற பருவத்தில் ஒருநாள் இரவு விடுதியிற் சோதனையொன்று செய்தோம். ஜாக்கி சான் கதையில் தாயத்துப் போன்ற பன்னிரண்டு கற்கள் வரும். ஒவ்வொன்றிலும் சீனர் ஆண்டுக்கணக்கில் வரும் விலங்கொன்றின் உருவும், அதற்குரிய ஆற்றலும் உண்டு. அவற்றை நினைவிலிருந்து எழுதுக என்று அறுவர் உடன்பட்டு எழுதினோம். ஒருவரும் பன்னிரண்டையும் நிரப்பவில்லை. காளைக்கு வலிமை, முயலுக்கு விரைவு, பாம்புக்கு மறைந்து நிற்றல், குதிரைக்கு நோய் தீர்த்தல் என்பன பலர்க்கு வந்தன. ஒருவனையே நல்லவன் தீயவன் என இருவராகப் பிளக்கும் புலி பலர்க்கு மறந்தது. உயிரற்ற பொருட்கு உயிரூட்டும் எலிக்கல்லை மட்டும் அறுவரும் எழுதியிருந்தனர். பொம்மை வைத்திருந்த சிறுவர் எவர் அதனை மறப்பர்? கதைகளின் தொடக்கமும் முடிவும் ஆளுக்கொரு விதமாக இருந்தன. ஆனால் அக்கதையில் வரும் சிடுசிடுத்த கிழவர் எப்படிப் பேசுவார் என்று கேட்டபோது, தஞ்சைப் பக்கத்தவனும் நெல்லைப் பக்கத்தவனும் யாமும் ஒரே குரலிற் பேசினோம். அறை அதிர்ந்தது. படம் போயிற்று, கதை போயிற்று, குரல் நின்றது. அக்குரலைத் தந்த தமிழர் பெயரோ எம்மில் ஒருவர்க்கும் தெரியாது. கதை முடிவில் ஓடிய பெயர்கள் ஆங்கிலத்தில் ஓடின. அவை கடலுக்கு அப்பால் இருந்தார் பெயர்கள். எம் மழலைத் தமிழை வளர்த்தார் பெயரை யாம் எங்கும் படித்ததில்லை. பழம்புலவர் பெயர் தெரியாதபோது அவர் பாடலிலுள்ள தொடரையே பெயராக வைத்து வழங்கியது நம் மரபு. இவர்கட்கு அதுவும் இல்லை.

அன்றிரவு யாம் வேறொன்று சொன்னோம். எலிக்கல் வரும் கதையொன்றில், தையற்பொறி ஒன்றன்மேல் அக்கல் பட, அப்பொறி தானே இரவெல்லாம் தைக்கும். தைத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வீட்டிற்குப் போய்த் தூங்குவாள். காலையில் வந்து பார்த்தால் துணியெல்லாம் மடித்து அடுக்கியிருக்கும் என்றோம். எமக்கு அது தெளிவாக நினைவில் இருந்தது. ஐவரும் மறுத்தனர். அப்படி ஒரு காட்சி இல்லவே இல்லை என்றனர். ஒருவன் தேடி எடுத்துப் போட்டும் காட்டினான். எலிக்கல் வந்தது, தையற்பொறி வரவில்லை.

விடுமுறைக்கு வீரபாண்டி சென்றபோது அன்னையாரிடம் இதனைக் கூறினோம். அவர் அன்றும் வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவிவிட்டு வாயிற்படியில் அமர்ந்திருந்தார்.

"அது படத்துல எங்கிட்டு வரும்? நாந்தேன் சொன்னேன்" என்றார். "கரண்டு போயிருச்சு, முடிவு தெரியலன்னு நான் வாரவரைக்கும் அழுதுக்கிட்டுக் கெடந்த. சம்பளக் கவரைக்கூடப் பிரிக்கவிடல. என்னத்தச் சொல்ல? எனக்கு என்ன தெரியுமோ அதச் சொன்னேன்."

வேறு எவ்வெவற்றிற்கு அவர் முடிவு சொன்னார் என்று கேட்டோம். சனிக்கிழமைதோறும் ஒன்று இருக்கும் என்றார். எவை என்று அவர்க்கும் நினைவில்லை.